தேவதைப் பட்டம் யாருக்கு வேணும்?

எங்க சித்தி டி.பி. வார்டில் எச்சில் கிண்ணம் கழுவியவள். ஒருநாள் அவளை மேடையேற்றி, சால்வை போட்டு, 'நீங்கதாம்மா தெய்வம்' என்றார்கள். கீழே இறங்கி வந்து என் காதில் கேட்டாள்: "தெய்வத்துக்கு ஒரு மாஸ்க்கு வாங்கித்தர வக்கில்லையா இவனுங்களுக்கு?" அந்தக் கேள்வியோடுதான் நியூயார்க்கின் பழைய கதை ஒன்றைப் பேச வருகிறேன்.

அம்பேத்கர் படிக்கப் போய் இறங்கிய அதே 1913இல், அந்த நகரின் ஸ்டேட்டன் தீவில் சீ வியூ மருத்துவமனையை மாநகராட்சி திறந்தது. ஏழைக் காசநோயாளிகளுக்கான பொது மருத்துவமனை. 1940கள் வரை இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. காற்று, வெயில், ஓய்வு, சாப்பாடு. மிஞ்சினால் விலா எலும்பை வெட்டியெடுக்கும் அறுவை. ரத்தமாய் இருமுகிறவன் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவள் செவிலி.

1929 வாக்கில் வெள்ளைச் செவிலியர் வேலையை விட்டு ஓடினார்கள். குறை சொல்லவில்லை, உயிர் யாருக்கும் வெல்லம்தான். ஆனால் அவர்களுக்குப் போக வேறு இடம் இருந்தது. காலியிடத்தை நிரப்ப, தெற்கே நிறவெறிச் சட்டங்களின் கீழ் நசுங்கிக் கிடந்த கறுப்புப் பெண்களை மாநகராட்சி கூப்பிட்டது. சம்பளம், தங்க இடம், படிப்பு என்றது. அதே மாநகராட்சியின் பெரும்பாலான மருத்துவமனைகளில் கறுப்புச் செவிலிக்கு வேலையில்லை. சாவு நடமாடும் வார்டில் மட்டும் கதவு திறந்தது. இதற்குப் பெயர் சமவாய்ப்பா?

சேரிக்காரனுக்கு இதற்கு உரை வேண்டாம். தீட்டு என்று ஒதுங்குகிறவன், தொற்று வந்தால் நம் வாசலைத் தேடி வருகிறான்.

நோயாளிகள் அந்தப் பெண்களைக் 'கறுப்பு தேவதைகள்' என்றார்கள். சாகக் கிடந்தவன், தன் கையைப் பிடித்தவளை அப்படிச் சொன்னதில் தப்பில்லை. ஊரும் வரலாறும் அதையே சொல்லும்போதுதான் குமட்டுகிறது. அதே 1930களில் காந்தி நம்மை 'ஹரிஜன்' என்றார். கடவுளின் பிள்ளையாம், ஊர்க் கிணற்றில் மட்டும் தண்ணீர் எடுக்கக்கூடாதாம். 1938இல் பம்பாய்ச் சட்டசபையில் அந்தப் பெயரை எதிர்த்து அம்பேத்கர் வெளிநடப்பே செய்தார்.

1952இல் சீ வியூவில் ஐசோனியசிட் மருந்து சோதிக்கப்பட்டு வென்றது. வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து நோயாளிகளைக் கவனித்துக்கொண்டவர்கள் இந்தச் செவிலியர். புகழ் மருந்துக்கும் மருத்துவர்களுக்கும் போனது. இவர்கள் கதையைச் சொல்லும் மரியா ஸ்மிலியோஸின் நூல் 2023இல்தான் வந்தது.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? 2020இல் துப்புரவுப் பணியாளரைத் 'தூய்மைப் பணியாளர்' ஆக்கினார்கள். மாலை போட்டார்கள், பூத்தூவினார்கள். 2025 ஆகஸ்டில், தனியாருக்குத் தள்ளாதே என்று சென்னை ரிப்பன் மாளிகை முன்னே உட்கார்ந்த அவர்களையே நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. பேர் மாறியது. வேற என்ன மாறிச்சு?

தோழர்களே, பொதுச் சுகாதாரம் பேசுகிற எவனையும் மூன்று கேள்வி கேளுங்கள். வார்டில் நிற்பவளுக்குப் பாதுகாப்பு உண்டா? வேலை நிரந்தரமா? அவளுக்கே நோய் வந்தால் இழப்பீடு யார் தருவது? பதில் சொல்லாமல் கையெடுத்துக் கும்பிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தொழிலாளி செத்தால் அவள் பிள்ளைக்குப் பணம் தரணும். தேவதை செத்தால் ஒரு மாலை போதும். அதனாலதான் நாம தேவதையா இருக்கணும்னு அவனுங்களுக்கு அவ்வளவு ஆசை.