எந்தச் செயலி என்று கேட்காதீர்கள். வெளியேறும் வழி எது என்று கேளுங்கள்

ஒவ்வோராண்டும் புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர்கள் கேட்கும் கேள்வி இது: “கணித வாய்பாடுகளும் எழுத வேண்டும், குறிப்பெடுக்க எந்தச் செயலி நல்லது?” மூத்தவர்களின் விடையோ பெரும்பாலும் செயலியின் அழகைப் பற்றியதாகவே இருக்கிறது. இருண்ட திரை, வண்ணக் குறிச்சொற்கள், விரலால் கிறுக்கினால் வாய்பாடாக மாறும் வித்தை. இவ்வறிவுரை ஆய்வாளருக்குத் தீங்கானது என்றே சொல்வேன்.

மொழியியலுக்குக் கணிதம் எதற்கு என்று வியப்போருக்கு ஓர் எடுத்துக்காட்டு. “எல்லா மாணவர்களும் ஒரு நூலைப் படித்தார்கள்.” அனைவரும் படித்தது ஒரே நூலா, ஆளுக்கொரு நூலா? ‘எல்லா’, ‘ஒரு’ என்பவற்றுக்குரிய தருக்கக் குறிகளுள் எது முன்னே நிற்கிறது என்பதே விடையைத் தீர்மானிக்கும். குறி இடம் மாறினால் பொருளும் மாறும்.

முதுகலையில் ஈராண்டுகள் இத்தகைய குறிப்புகளை ஓர் அழகிய செயலியில் எழுதினேன். அவற்றை வெளியே எடுத்தபோது வாய்பாடுகள் அனைத்தும் படங்களாக வந்தன. படத்துக்குள் தேட முடியாது. ஒரு குறியைத் திருத்தவும் முடியாது. எல்லாவற்றையும் மீண்டும் தட்டச்சு செய்தேன். தவறு செயலியுடையது மட்டுமன்று; சேரும்போதே கேட்காத என்னுடையதும்தான்.

தம் நூலின் அச்சுப்படிகள் நிறைவளிக்காததால் 1977இல் டொனால்டு நூத் ‘டெக்ஸ்’ அமைப்பை உருவாக்கத் தொடங்கினார். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மீது ‘லேடெக்ஸ்’ அமைப்பைக் கட்டினார். அதன் வலிமை எளிமையானது: வாய்பாடு வெறும் எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. எந்தக் கணினியிலும் திறக்கலாம், தேடலாம், ஆய்வேட்டில் அப்படியே சேர்க்கலாம்.

இன்று அப்சிடியன், ஜாப்லின், நோஷன் ஆகிய மூன்றுமே லேடெக்ஸ் குறியீட்டை ஏற்கின்றன. ஆகவே, வேறுபாடு வாய்பாட்டின் அழகில் இல்லை; குறிப்பு எங்கே வாழ்கிறது என்பதில் இருக்கிறது. அப்சிடியன் உங்கள் கணினியிலேயே மார்க்டவுன் கோப்புகளாக வைக்கிறது. திறந்த மூல மென்பொருளான ஜாப்லின் அதே வடிவில் ஏற்றுமதி செய்கிறது. நோஷனில் மூலப்படி நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. ஏற்றுமதி உண்டு, ஆனால் அதை நினைவாகச் செய்வோர் எத்தனை பேர்?

“லேடெக்ஸ் கடினம்” என்பார்கள். குறிப்பெடுக்க வேண்டிய அளவுக்கு ஒரு வாரப் பயிற்சி போதும். “குழுவாக எழுத இணையச் செயலியே வசதி” என்பார்கள். உண்மைதான்; எழுதுங்கள், ஆனால் மூலப்படி உங்களிடம் இருக்கட்டும். உதவித்தொகை ஐந்தாண்டில் முடியும், பல்கலைக்கழக மின்னஞ்சல் ஒருநாள் மூடப்படலாம், சந்தாவோ தொடரும். ஆய்வுக் குறிப்பு இவை அனைத்தையும் கடந்து வாழ வேண்டியது.

எனவே முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தமிழ் வாக்கியம், ஒரு பின்னம், ஒரு லாம்டா வாய்பாடு எழுதுங்கள். ஏற்றுமதி செய்து, சாதாரண உரைத்திருத்தியில் திறந்து பாருங்கள். மூன்றும் எழுத்தாகவே இருந்தால் தங்குங்கள். இல்லையேல், இழப்பதற்கு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும் அன்றே வெளியேறிவிடுங்கள்.