பூச்சுக்குள் மறையும் குறை

வீடு கட்டுவோர் மேசனையும் ஓடாவியையும் நாலு பேரிடம் விசாரித்தே அமர்த்துவர். ஆனால் படலை, யன்னற் கம்பி, மாடிப்படிக் கைபிடி, கூரைச் சட்டம் ஆகியவற்றைச் செய்யும் இரும்பு ஒட்டுத் தொழிலாளியை மட்டும், "ஆர் குறைவாய்ச் செய்து தருவினம்?" என்ற ஒரே வினாவைக் கொண்டு தெரிந்தெடுத்துவிடுகின்றோம். இப்பிழையை நானும் செய்தவன். ஆதலின் பிறர்க்குப் புத்தி கூறுமுன் என் கதையையே சொல்லிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வளவின் கிடுகு வேலியை அகற்றி மதில் எழுப்பினோம். வாயிலுக்கு இரும்புப் படலை வேண்டியிருந்தது. மூவரிடம் விலை கேட்டு, மிகக் குறைத்துச் சொன்னவரிடமே வேலையை ஒப்படைத்தேன். பச்சை வர்ணம் பூசிப் பளபளவென்று வந்து சேர்ந்த படலையைக் கண்டு வீட்டார் யாவரும் மகிழ்ந்தனர். ஓராண்டு முடியவில்லை. ஒரு நாள் பாடசாலை விட்டு வந்த என் இளைய மகள் படலையைத் தள்ளியபோது மேற்பிணைச்சல் கழன்றது. படலை சரிந்து அவள் பாதத்தின்மேல் விழுந்தது. விரலெலும்பு முறிந்து, ஆறு வாரம் நடக்கமாட்டாமற் கிடந்தாள். "மெல்லத்தானே தள்ளினனான், அப்பா" என்று அவள் அழுதது இன்றும் என் செவியில் நிற்கின்றது.

படலையைத் திருத்த வந்த முதிய தொழிலாளி, முறிந்த இடத்து வர்ணத்தை அரத்தால் அராவிக் காட்டினார். "இது ஒட்டில்லை, மாஸ்ரர்; மேல வைச்ச கட்டி" என்றார்.

அவர் சொல்லியதன் பொருள் யாது? ஒட்டுவேலையில் குச்சி மட்டும் உருகினாற் போதாது. இணைக்கப்படும் இரண்டு இரும்புகளின் விளிம்புகளும் அதனோடு உருகி, ஒன்றாய்க் கலந்து உறையவேண்டும். தூய இரும்பு உருகுவது 1538 பாகை செல்சியசில். மின்வில்லின் வெப்பம் அதனினும் மிகப் பெரிது. எனினும் மின்னோட்டம் குறைந்தாலும், கை மிக விரைந்து ஓடினாலும், துருவும் எண்ணெயும் துடைக்கப்படாதிருந்தாலும், குச்சியின் உருக்கு மேலே திரண்டு நிற்குமேயன்றி உள்ளே இறங்காது. குச்சியைச் சூழ்ந்துள்ள பூச்சு எரிந்து, காற்றிலுள்ள ஒட்சிசனும் நைதரசனும் உருகிய இரும்பைத் தீண்டாமற் காக்கின்றது. பின்னர் கசடாக மேலே படிகின்றது. குச்சி ஈரம்பட்டிருந்தால் ஒட்டினுள் துளைகள் உண்டாகும். கசடைத் தட்டி நீக்காது அதன்மேலேயே மீண்டும் ஒட்டினால், அஃது உள்ளே சிறைப்படும். இக்குறைகள் அனைத்தையும் ஒரு பூச்சு வர்ணம் மூடிவிடுகின்றது!

ஆகவே முதல் விதி இது: வர்ணம் பூசுமுன் ஒட்டுகளைப் பார்வையிடுவோம் என்று வேலை தொடங்குமுன்னரே பேசிக்கொள்ளுங்கள். நல்ல ஒட்டு ஒரே அகலத்தில், சிற்றலைகள் அடுக்கினாற் போன்றிருக்கும். துளையோ, ஓரத்திற் பள்ளமோ இராது. புறத்தோற்றம் மட்டும் முழுச் சான்றாகாது. ஆதலின் அத்தொழிலாளி நாலைந்து ஆண்டுகளுக்கு முன் செய்த படலையொன்றைச் சென்று பாருங்கள். உப்புக்காற்று வீசும் நம் ஊரில், பிணைச்சலடியில் வழியும் துருவே அவர் வேலையின் தராதரத்தைச் சொல்லிவிடும். நாகம் பூசிய குழாயாயின், ஒட்டிய இடத்தில் அப்பூச்சு எரிந்துபோகும். அவ்விடத்தைத் துப்புரவாக்கி, நாகம் கலந்த பூச்சை மீண்டும் பூசவேண்டும். இரும்பின் கனம், கூலி, முற்பணம் யாவற்றையும் எழுதிக்கொள்வது இருவர்க்கும் நன்று. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டா என்றும் கேட்கலாம். பயிற்சி நிலையத்துக்குச் செல்லாது அனுபவத்தாற் கற்றவர்களும் தம் திறமையைச் செய்துகாட்டி அதனைப் பெற வழியுண்டு. தொழில் தேடும் மாணவர்களும் இதனை மனத்திற் கொள்க.

இன்னொன்றும் சொல்லவேண்டும். திருத்தவேலை தொடங்குமுன் அம்முதியவர் அயலிற் கிடந்த காய்ந்த ஓலைகளை அகற்றுவித்தார். வாளியில் மணல் வைத்தார். வேடிக்கை பார்க்கக் கூடிய சிறுவர்களை வீட்டினுள் அனுப்பினார். அதன் பின்னரே முகக்கவசத்தை அணிந்தார். மின்வில்லிலிருந்து எழும் ஊதாக் கடந்த கதிர் பார்த்தவுடன் நோவு தராது. சில மணி நேரஞ் சென்றபின், கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தி நித்திரையைக் கெடுக்கும். ஒட்டுவேலைப் புகையும் இக்கதிரும் புற்றுநோய் விளைப்பன என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் வகைப்படுத்தியது. வெயிற்கண்ணாடி மட்டும் அணிந்து வேலை செய்யும் இளைஞர்களைக் காணும்போது, நாம் பேரம்பேசிக் குறைத்த ரூபாய் எங்கிருந்து குறைந்தது என்பது விளங்குகின்றது. அஃது ஒட்டின் உறுதியிலிருந்தும் அவ்விளைஞர்களின் கண்ணிலிருந்துமே குறைந்தது.

அம்முதியவர் கேட்ட கூலி முன்னையதினும் ஏறக்குறைய இருமடங்கு. நான் பேரம் பேசவில்லை. படலை இன்றும் உறுதியாய் நிற்கின்றது. எனினும் என் மகள் அதனைத் திறக்கும்போது ஓரடி விலகி நின்றே தள்ளுகின்றாள். அந்த ஓரடி, நான் மிச்சம் பிடித்த பணத்தின் விலை. வாசகர்களே, அவ்விலையை நீங்களும் கொடுக்கவேண்டாம்.