கொடைக்கானல் கோபுரமும் நமது தாலாட்டுப் புலம்பலும்

சிற்றிதழ்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வந்துவிடும் கட்டுரை ஒன்றுண்டு. தாலாட்டு அழிந்துவிட்டது, பாட்டி கதை போய்விட்டது, இந்தக் காலத் தாய்மார்கள் தொலைக்காட்சியையோ கைபேசியையோ காட்டித்தான் பிள்ளைக்குச் சோறூட்டுகிறார்கள் என்பது அதன் சாரம். எழுதுபவர் பெரும்பாலும் ஆண். பெரும்பாலும் நம்மைப் போலத் தமிழ் கற்பித்துப் பிழைப்பவர். தாம் எத்தனை தாலாட்டுப் பாடினார் என்று அவர் சொன்னதில்லை. பழனிமலைக் கிராமங்களிலிருந்து இறங்கிவரும் மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாகப் பாடம் சொல்லிவரும் நமக்கு இந்தக் கட்டுரைமீது கோபம் உண்டு.

கெடுதல் இல்லை என்று வாதாட நாம் வரவில்லை. கெடுவது எது என்பதில்தான் வேறுபாடு. கண் கெடும், மூளை மழுங்கும் என்று அச்சுறுத்துகிறார்கள். குழந்தை முதலில் இழப்பது பேச்சை. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையிலான 329 குழந்தைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தினார்கள். தொலைக்காட்சி ஒலித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்ட சொற்கள் ஏறக்குறைய 770 குறைந்திருந்தன. கவனிக்க வேண்டும்: குழந்தை திரையைப் பார்த்ததா என்பதல்ல கணக்கு. பெட்டி ஒலித்தது, பெரியவர்கள் வாயடைத்துப்போனார்கள். அந்தப் பெரியவர்களுள் அப்பாவும் அடக்கம். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. சரிதான். ஆனால் அணைத்த பெட்டிக்கு முன்னும் வாய்திறவாமல் உட்கார்ந்திருக்கும் தகப்பனால் பிள்ளைக்கு என்ன லாபம்?

பிள்ளைத்தமிழ் நடத்தும்போது பத்துப் பருவங்களையும் மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் போடுகிறோம். தெய்வங்களை வேண்டும் காப்பு நீங்கலாக அதன் பருவங்களில் பெரும்பாலானவை குழந்தையை நோக்கிய பேச்சு. ஆடு என்கிறது, கைகொட்டு என்கிறது, முத்தம் கேட்கிறது, நடந்து வா என்கிறது. அம்புலியில் மட்டும் பேச்சு நிலவின்பக்கம் திரும்புகிறது. அதுவும் குழந்தையோடு விளையாட வரச்சொல்லி. பதில் சொல்லத் தெரியாத சிசுவோடு பேசுவதையே ஓர் இலக்கிய வகையாக்கிய மொழி நம்முடையது. வகுப்பறையில் இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் செய்தி விவாதத்தைச் சத்தமாக வைக்கிறோம்.

இனி மலைக்கு வருவோம். இங்கே பெட்டியைக் கொண்டுவந்தவள் தாய் அல்லள். 1975இல் சென்னையில் தொடங்கிய தூர்தர்ஷன் தென்மாவட்டங்களை நெடுங்காலம் எட்டவில்லை. 1980களில் கொடைக்கானலில் கோபுரம் எழுந்தபின் அந்நிலை மாறிற்று. அரசுக்கு இந்த மலையின் உயரம் வேண்டியிருந்தது. இங்கிருந்து சமவெளிக்கு அலை இறங்கியது. உழவருக்கு 'வயலும் வாழ்வும்', எல்லோருக்கும் 'ஒளியும் ஒலியும்', பள்ளிப் பிள்ளைகளுக்குக் 'கண்மணிப் பூங்கா'. தவழும் குழந்தைக்கென எதையும் நாம் கண்டதில்லை.

மலையில் குறிஞ்சி பூத்த 2006ஆம் ஆண்டின் செப்டம்பரில்தான் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டு சுட்டி டிவி வந்தது, அதில் டோராவும் புஜ்ஜியும் வந்தார்கள். டோரா கேள்வி கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துவாள். குழந்தை எதைச் சொன்னாலும், சொல்லாவிட்டாலும், பாராட்டுவாள். செவிட்டுப் பாராட்டு. அயல்நாட்டுத் தொடரின் மொழிமாற்றம் வேறு. ஆயினும் நம்மவர் செய்ய மறந்ததை அவள் செய்தாள்: நான்கு வயதுப் பிள்ளையின் முகம் பார்த்துத் தமிழில் ஒரு கேள்வி கேட்டாள். 2018இல் மறுபடி குறிஞ்சி பூத்தபோது திரை கைக்குள் அடங்கிவிட்டிருந்தது. 2019இல் அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் பள்ளிப் பாடத்துக்கானதே.

பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டுக் காட்டுக்கும் கேரட் காட்டுக்கும் கூலிக்குப் போகும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். காலையில் போனால் பொழுது சாயத்தான் வீடு. இரண்டு வயதுப் பிள்ளையை வரப்பில் படுக்கவைத்தால் பனி, மழை. வாசலில் விட்டால் காட்டுமாடு. பிள்ளை அப்பத்தாவோடு உள்ளே பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்பதே அவளுக்கு நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் நமது கட்டுரையாளர் சோம்பல் என்கிறார்.

ஐம்பது பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அது தேயிலை, காப்பி போன்ற பெருந்தோட்டங்களுக்கு. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று படிப்படியாகக் கிடக்கும் மேல்மலைக் காய்கறிக் காடுகளை அந்தச் சட்டம் ஏறிட்டும் பார்க்கவில்லை. அங்கன்வாடியோ கைக்குழந்தையை வைத்துக்கொள்வதில்லை. காட்டு வேலை முடியுமுன் கதவைச் சாத்திவிடுகிறது. இத்தனைக்கும் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இந்த மலைக்குப் புதிதன்று. மிஷனரிகள் தம் பிள்ளைகளுக்கென 1901இலேயே கொடைக்கானலில் விடுதிப் பள்ளி கண்டார்கள். இன்றும் ஊர் ஊராய் வந்து பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். கேரட் கழுவுகிறவளின் பிள்ளைக்குத்தான் இடமில்லை.

ஆகவே புலம்புகிறவர்களிடம் நாம் கேட்பது இரண்டு. மன்னவனூரில், கவுஞ்சியில், பூண்டியில், அறுவடைக் காலத்திலாவது, ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஏற்றுக்கொண்டு மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்று எழுதுங்கள். அங்கே பேசத் தெரிந்த, பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிற இரண்டு பெண்கள் இருக்கட்டும், அப்பத்தாக்களே இருந்தாலும் சிறப்பு. மற்றொன்று, நாட்டார் பாடல் தொகுப்புக்கு முன்னுரை எழுதும் கையால், இரண்டு வயதுப் பிள்ளைக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டப் பத்துப் பக்கம் எழுதுங்கள். அது சிறுகதையைவிடக் கடினமான வேலை. அதனால்தான் நம்மில் பலரும் அந்தப் பக்கமே போவதில்லை.

அடுத்த புலம்பலை எழுத உட்காரும் நண்பர், தம் வீட்டில் அன்றிரவு பிள்ளைக்குச் சோறூட்டப்போவது யார் என்பதை முதல் வரியிலேயே தெரிவித்துவிட்டு மேலே தொடரட்டும்.