வைஃபை பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்கலாமா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு சண்டை ஓடியது. மேல் வீட்டுக்காரர் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார், கொடுக்கலாமா, கூடாதா? "குடிக்கத் தண்ணி கேட்டா இல்லன்னு சொல்வீங்களா?" என்றது ஒரு கட்சி. "ஏடிஎம் பின் நம்பரை யாராவது கொடுப்பாங்களா?" என்றது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டு உவமையும் பிடிக்கவில்லை. நாம் கொடுத்த தண்ணீர் ஊர் முழுக்கப் போய் நம் பெயரைச் சொல்லாது. பின் நம்பரைக் கேட்பவன் திருடன். வைஃபை கேட்பவர் பெரும்பாலும் படிக்கிற பிள்ளையின் அம்மா.

நெட் இணைப்பு கையெழுத்து மாதிரி. வீட்டுக்குள் பத்துப் பேர் உபயோகித்தாலும் வெளியில் பதிவாவது ஒரே முகவரி. அது யார் பெயரில் இருக்கிறது என்று கம்பெனியைக் கேட்டால் நம் பெயர், நம் ஆதார், நம் வீட்டு நம்பர். (கையெழுத்தின் அருமை உங்களுக்குத் தெரியும். பிராக்ரஸ் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்தவர்கள் மூன்று பேர் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.)

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு மிரட்டல் மெயில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீஸ் போய் நின்றது நவி மும்பையில், ஓர் அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட் வாசலில். அவருக்கும் மெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வைஃபைக்குப் பூட்டு இல்லை, யாரோ உபயோகித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதைத் தெளிவாக்குவதற்குள் அந்த மனிதர் விசாரணை, கம்ப்யூட்டர் பறிமுதல், பேப்பரில் படம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அடுத்த இரண்டு மாதத்தில் மும்பையிலேயே ஒரு கல்லூரி, ஒரு கம்பெனி என்று இன்னும் சில வைஃபைகளும் இப்படியே மாட்டின. அதன் பிறகுதான் தொலைத்தொடர்புத் துறை விழித்துக்கொண்டு, பாஸ்வேர்டு இல்லாமல் வைஃபை வைக்கக் கூடாது என்று 2009-இல் வழிமுறை அனுப்பியது.

"நம்ம தெருவுல யாரு டீச்சர் குண்டு மெயில் அனுப்பப் போறா?" என்பீர்கள். அனுப்ப வேண்டாம். ஒரு பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டிப் போடுகிற பையன் போதும். அவன் நம்மிடம் பாஸ்வேர்டு கேட்டவனாகக்கூட இருக்க மாட்டான். நாம் கொடுத்தது மேல் வீட்டு அக்காவுக்கு. லீவுக்கு வந்த அக்காவின் மச்சான் பையனுக்கு அது தானாகவே போய்ச் சேரும்.

வயதானவர்களுக்கு பி.பி. நம்பர் ஞாபகம் இருக்கும். போன் இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். தெருவில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அந்த நம்பர் பத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் 'பி.பி.' என்ற அடைமொழியோடு ஏறும். "ஆவடியிலேர்ந்து அத்தை பேசறாங்க" என்று ஓடிப்போய்க் கூப்பிட்டு வர வேண்டும். அதைப் பாரமாக யாரும் நினைத்ததில்லை. ஆனால் பேசுகிறவர் நம் கூடத்தில், நம் எதிரில் நின்று பேசினார். யார், எத்தனை நிமிஷம், உள்ளூரா எஸ்.டி.டி.யா என்று தெரியும். வைஃபை சுவரைத் தாண்டிப் போகிறது. ஆளை நாம் பார்ப்பதே இல்லை. பி.பி. நம்பரில் இருந்த அந்தப் பார்வையை எப்படியாவது திரும்பக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் என் வாதம்.

ஏனென்றால் கொடுக்கவே கூடாது என்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. 2020-இல் பள்ளிகளை மூடியபோது பாடம் வாட்ஸ்அப்பில் போனது. நம் பக்கம் நிறைய வீடுகளில் ஒரே போன், அதையும் அப்பா எஸ்டேட்டுக்கு ஷிஃப்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் வந்த பிறகு ராத்திரி எட்டரைக்கு அந்தப் பிள்ளை காலைப் பாடத்தைப் பார்க்கும், டேட்டா மிச்சம் இருந்தால். கல்வித் தொலைக்காட்சி கொஞ்சம் கை கொடுத்தது. ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாது. இணைய வசதி கல்வி உரிமையோடு சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-லேயே சொல்லியிருந்தது. கோழிக்கோடு பக்கம் ஹாஸ்டலில் மாலையில் போனை ஒப்படைக்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்ட மாணவியின் வழக்கு அது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் ரீசார்ஜ் செய்ய முடியாத வீட்டுக்குத் தீர்ப்பா நெட் கொண்டுவந்து தரும்? பக்கத்து வீடுதான் தர வேண்டும்.

வேகம் குறைந்துவிடும் என்கிற சாக்கை விட்டுவிடுங்கள். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு பிள்ளை பாட வீடியோ பார்க்க ஐந்து கூடத் தேவையில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு இடத்தில். கொரட்டூர், திருமுல்லைவாயல் பக்கமெல்லாம் ஒரே காம்பவுண்டில் நாலு குடித்தனம். சில ஹவுஸ் ஓனர்கள் வாடகையோடு வைஃபைக்கென்று மாதம் இருநூறு, முந்நூறு வாங்குகிறார்கள். வீட்டு இணைப்பை அப்படி விற்கக் கூடாது என்பது பெரும்பாலான கம்பெனிகளின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, யார் படிக்கிறார்கள்! அதைவிடக் கொடுமை, வாடகை பத்து நாள் தள்ளிப்போனால் மோட்டாரை நிறுத்துகிற மாதிரி மோடத்தை நிறுத்துவது. மறுநாள் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆன்லைன் டெஸ்ட். கடன்காரர் அப்பா, தண்டனை மகளுக்கு. இன்னும் சிலர் ஆப்பைத் திறந்து, "உங்க பொண்ணு ராத்திரி ஒரு மணி வரைக்கும் நெட்டுல இருக்கா" என்று அம்மாவிடம் சொல்கிறார்கள். கொடுப்பவருக்குப் பொறுப்பு உண்டு, அதற்காக வேவு பார்க்கிற உரிமை கிடையாது. காசு வாங்கித்தான் கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில் பெட்டிக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் வைஃபை வழங்கலாம். அங்கே உபயோகிப்பவர் தன் பெயரில் பதிந்துகொண்டு உள்ளே வருகிறார், கடைக்காரர் பெயரில் அல்ல.

வீட்டில் கொடுப்பதற்கு என் வழி இதுதான். மோடத்தில் 'கெஸ்ட்' என்று ஒன்று இருக்கும். இணைப்பு போட வருகிற பையனிடம் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் வைத்துத் தருவான். அதற்குத் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. அதில் வருபவர்களுக்கு நம் வீட்டு டிவி, கேமரா, லேப்டாப் எதுவும் எட்டாது. ஆனால் வெளியில் பதிவாகிற முகவரி அப்போதும் நம்முடையதுதான். கெஸ்ட் வைத்துவிட்டோம், இனி பயமில்லை என்று எண்ண வேண்டாம். நாமே அவர்கள் போனில் டைப் செய்து கொடுத்தால் பாஸ்வேர்டு தெரியாது என்பதும் தவறு. இப்போதைய போன்களில் 'ஷேர்' தொட்டால் கியூஆர் கோடு வந்துவிடும்.

அதனால் எங்கள் மாடியில் குடியிருக்கும் பிள்ளைக்கு நான் பாஸ்வேர்டு கொடுக்கவில்லை, வராந்தாவைக் கொடுத்திருக்கிறேன். பழைய டேப்லெட் ஒன்று அங்கேயே இருக்கிறது, கெஸ்ட் இணைப்போடு. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டரை வரை உட்கார்ந்து படிக்கிறாள், டெஸ்ட் எழுதுகிறாள். ஃபேன் போட்டிருக்கிறோம். அவள் என்ன பார்க்கிறாள் என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. "டீச்சர், இந்த கணக்கு வரல" என்றால் மட்டும் எழுந்து போவேன். கரண்ட் பில்லைத் தவிர எனக்கு ஒரு செலவும் இல்லை.

கெஸ்ட் வைக்கத் தெரியாதவர்கள் மோடத்தை நேராகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், என் பேரன் பார்த்துச் சொல்வான். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம். பாஸ்வேர்டு அங்கேதான் ஒட்டியிருக்கும்.