பழைய மாணவர் சங்கமும் நமது சங்கமும்

பள்ளிக்கூடத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று அங்கத்தினர் சிலர் கேட்கக் கூடும். தறியையும் கழனியையும் பற்றிப் பேச வேண்டிய இப்பத்திரிகையில் பழைய மாணவர் சங்கங்களைப் பற்றி எழுதுவானேன் என்றும் தோன்றலாம். தொடர்பு உண்டு, அது மிகப் பழைய தொடர்பு. 1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, அதனை நிறுவியோருள் ஒருவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். அவர் அப்பகுதி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர். அதற்கும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, 1844இல், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் கூடிக் கூட்டுறவுக் கடையைத் தொடங்கினர். அவர்களுள் நெசவாளர் பலர். அச்சங்கம் பிற்காலத்தில் தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கி, நூல்நிலையமும் படிப்பகமும் நடத்தி வந்தது. கல்வியின்றிக் கூட்டுறவு நிலையாது என்பதை அந்நாளிலேயே உணர்ந்திருந்தனர்.

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகள் பழம்பெரும் பள்ளிகளுக்குப் பெயர் பெற்றவை. அப்பள்ளிகளின் வரலாற்றில் நாம் கற்றுக்கொள்ளத் தக்கவை பல உள்ளன.

மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் 1905இல் தோன்றியது. சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலால் ராமசாமி ஐயங்கார், ராமானுஜாச்சாரி என்னும் இருவர் ஆதரவற்ற ஏழைச் சிறுவர் சிலரைச் சேர்த்து, வாடகை வீட்டில் இதனைத் தொடங்கினர். உணவு, உறைவிடம், கல்வி மூன்றும் இலவசம். 1921இல் இல்லத்துக்குச் சொந்தக் கட்டடம் அமைந்தது. ஊராரிடம் சிறுகச் சிறுகப் பெற்ற பொருளைக் கொண்டே இத்தகைய இல்லம் வளர முடியும். அங்கே உண்டு பயின்றவனுக்குப் பழைய மாணவன் என்னும் பெயர் ஒரு பெருமை மட்டுமன்று. தான் உண்ட இடத்தில் அடுத்த சிறுவனுக்கு இலை போட வேண்டிய பொறுப்பும் ஆகும்.

மற்றொரு சான்று சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். இளமையிலேயே கைம்பெண்ணாகி, 1911இல் பி.ஏ. பட்டம் பெற்றவர். பிராமண இளம் விதவைகளுக்கென இல்லம் அமைத்துக் கல்வி தந்தார். 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல் தலைவியும் ஆனார். அவரிடம் பயின்ற பெண்கள் பலர் தாமே ஆசிரியைகளாகி, வேறு பெண்களுக்குக் கற்பித்தனர். அவர் தொடங்கிய சாரதா வித்யாலயா பின்னர் ராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்து, இன்று தியாகராய நகரில் நடைபெறுகிறது. பழைய மாணவி திரும்பி வந்து வகுப்பறையில் நிற்பதைக் காட்டிலும் சிறந்த பழைய மாணவர் சங்கம் வேறு ஏது?

இவ்வளவு பெருமை வாய்ந்த மரபு இருந்தும், இன்றைய சங்கங்கள் பல எந்நிலையில் உள்ளன என்பதையும் கூறத்தான் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பழைய பள்ளியின் ஆண்டுக் கூட்டத்துக்கு நண்பர் ஒருவருடன் சென்றிருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டா. வாழ்த்துரைகள் வழங்கப்பட்டன, பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, அக்கால ஆசிரியர்களின் பிரம்படியைப் பற்றி அனைவரும் நகைச்சுவையுடன் பேசினர், விருந்தும் சிறப்பாகவே இருந்தது. ஆனால் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படவில்லை. சென்ற ஆண்டின் தீர்மானங்கள் என்னவாயின என்று ஒருவரும் வினவவில்லை. இறுதியில் தலைமையாசிரியர் எழுந்து, ஆண்டுதோறும் மாணவர் தொகை குறைந்து வருகிறது என்றும், இந்நிலை நீடித்தால் சில வகுப்புகளை மூட நேரும் என்றும் தாழ்ந்த குரலில் கூறினார். கூடியிருந்தோர் வருந்தினர். எனினும் தம் பேரப்பிள்ளையை இப்பள்ளியில் சேர்க்கிறேன் என்று சொல்லக் கூட்டத்தில் ஒருவரேனும் எழவில்லை.

அங்கத்தினர்களே, இக்காட்சி நமக்குப் புதியதா? சங்கத்தின் ஆண்டு விழாவில் முன்வரிசையில் அமர்ந்துவிட்டு, நெய்த புடவையைத் தனி வியாபாரியிடம் கொடுப்பவரை நாம் அறிவோம். பங்குத் தொகை செலுத்தியிருந்தும், பாலையும் நெல்லையும் வெளியில் விற்பவரையும் அறிவோம். சங்கத்தின்மீது அவர்களுக்குப் பகை இல்லை, மதிப்பும் உண்டு. ஆயினும் வெறும் மதிப்பினால் சங்கம் நடவாது. பயன்படுத்துவோர் குறையுந்தோறும் அது தேய்ந்து மறையும். பள்ளியின் நிலையும் அதுவே. பாவு எவ்வளவு நீண்டிருப்பினும் ஊடை ஓடினால்தான் துணி உண்டாகும்.

இனிப் பொருளைப் பற்றிய கேள்விக்கு வருவோம். பழைய மாணவர் என்றதும் நன்கொடையையே முதலில் நினைப்பவர் பலர். அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959இல் தொடங்கப்பெற்றது. அங்கே 1970இல் எம்.டெக். பட்டம் பெற்ற கிருஷ்ணா சிவுகுலா என்பவர் 2024இல் அதற்கு 228 கோடி ரூபாய் வழங்கினார். மிகப் பெரிய கொடை, பாராட்டத் தக்கது. அதே அடையாற்றுப் பகுதியில், கர்னல் ஆல்காட் 1894இல் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளியும் இருக்கிறது. அது இன்று ஆல்காட் நினைவுப் பள்ளி என வழங்குகிறது. கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்திலிருந்து அத்தகைய பள்ளிக்குச் சென்றவர் கோடிகளுக்கு எங்கே போவார்? அதனால் அவருடைய பழைய மாணவர் உரிமை குறைந்துவிடுமா? பத்தாம் வகுப்பை முடித்த சிறுவனுக்கு மேற்கொண்டு என்ன படிக்கலாம், எங்கே விண்ணப்பிக்கலாம் என்று ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்ல அவரால் இயலும். எழுதப் படிக்க அறியாத தந்தைக்கு உதவித் தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தர இயலும். இவற்றுக்கு விலை மதிக்க முடியுமா?

பெருங்கொடை மழை போன்றது, பெய்தால் மகிழ்ச்சி. ஆண்டுச் சந்தாவோ கிணறு போன்றது. மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்பவரின் துன்பத்தை உழவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலும், ஒருவரே பெருந்தொகை தரும் சங்கத்தில் அவர் சொல்லே தீர்மானமாகிவிடுவது இயல்பு. மற்றவர்கள் படிப்படியாக விருந்தினராகி, பின்னர் வராமலே இருந்துவிடுகின்றனர். ஒருவருக்கு ஒரு வாக்கு என்று கூட்டுறவு இயக்கம் வகுத்த விதியின் அருமை இங்கேதான் புலனாகிறது.

ஆதலின் என் கருத்து இது: பழைய மாணவர் சங்கம் என்பது கூட்டுறவுச் சங்கத்தின் முறையிலேயே நடைபெற வேண்டும். முதலாவது, அது பதிவு பெற்ற சங்கமாக இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டாவது, ஏழையும் செல்வரும் ஒரே தொகையைச் சந்தாவாகச் செலுத்த வேண்டும். அதுவும் மிகச் சிறிய தொகையாக இருத்தல் நலம். மூன்றாவது, தணிக்கை செய்த கணக்கைப் பொதுச்சபையில் வாசித்த பின்னரே விருந்து பரிமாறப்பட வேண்டும். நான்காவது, ஒவ்வோர் ஆண்டு மாணவர் தொகுதிக்கும் ஒருவர் பொறுப்பேற்று, பெயரும் முகவரியும் கொண்ட பதிவேட்டைப் பேண வேண்டும். இறந்தவர், இடம் பெயர்ந்தவர், வறுமையுற்றவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது, நிர்வாக சபையில் பாதிப் பேரேனும் இளையோராக இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்துக்கு ஆண்டுக்கு ஒரு வேலையேனும் குறிப்பாக இருக்க வேண்டும். இவ்வாண்டு பெண்களுக்கான கழிப்பறை, அடுத்த ஆண்டு நூல்நிலையம், அதற்கடுத்த ஆண்டு மாலை வகுப்பு என ஒன்றை எடுத்து, அதை முடித்துக் காட்ட வேண்டும். இந்நாளில் கைபேசியில் பழைய மாணவர் குழு இல்லாத வகுப்பே இல்லை எனலாம். காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் அதில் குவிகின்றன. அதில் தவறில்லை. ஆனால் முந்நூறு பேர் வணக்கம் சொல்லிக்கொள்ளும் குழுவில், பள்ளியின் ஒழுகும் கூரையைப் பார்த்து வர மூவர் கிடைப்பது அரிதாயிருக்கிறது. உறவைத் தொடங்கக் கைபேசி உதவும். அதை நிலைக்கச் செய்வது சேர்ந்து செய்யும் வேலையே.

இனி நமது ஊர்களுக்கு வருவோம். சர் பி. எஸ். சிவசாமி ஐயர் மயிலாப்பூரில் வாழ்ந்து, அங்கே பெண்கள் பள்ளி ஒன்றைப் போற்றி வளர்த்தவர். 1946இல் மறைந்த அவருடைய பெயரை அப்பள்ளி இன்றும் தாங்கியிருக்கிறது. அவர் தம் சொந்த மண்ணாகிய காவிரிக் கரையையும் மறக்கவில்லை. திருக்காட்டுப்பள்ளியில் உள்ள பள்ளியும் அவர் பெயரையே கொண்டிருக்கிறது. பட்டணத்தில் பெற்ற செல்வமும் செல்வாக்கும் கிராமத்துப் பள்ளிக்கும் பயன்பட்டன.

நமது நெசவாளர் தெருக்களிலும் உழவர் ஊர்களிலும் அரசுப் பள்ளியில் பயின்ற பிள்ளைகள் இன்று சென்னையிலும், அதற்கப்பாலும் பணியில் இருக்கின்றனர். அவர்கள் படித்த பள்ளிகளுள் எத்தனைக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது? முன்னாள் மாணவரும் பிறரும் அரசுப் பள்ளிகளுக்கு உதவுவதற்கென்றே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்னும் திட்டத்தை அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. வழி திறந்திருக்கிறது, நடப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள்களைத் திரட்டும் பழக்கம் கூட்டுறவு அங்கத்தினராகிய நமக்கு இருக்கிறது. கூட்டம் கூட்டவும், கணக்கு எழுதவும், தீர்மானம் நிறைவேற்றவும் நாம் அறிவோம்.

அடுத்த பொதுச்சபை கூடும்போது, நம் ஊர்ப் பள்ளியில் பயின்றவர்கள் யார் என்று ஒருவர் எழுந்து கேட்கட்டும். கை தூக்குவோரில் ஏழு பேர் அன்றே பெயர் கொடுத்தால் போதும். நாம் கற்ற வகுப்பறையில் நாளையும் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்களா என்பது அந்த ஏழு பேரைப் பொறுத்தது.