பனியில கால் வைக்கிறதுக்கு முன்னாடி காலண்டர்ல கண் வைங்க!

செமஸ்டர் டைம்டேபிள் நோட்டீஸ் போர்டுக்கு வந்த அன்னிக்கே, 'கடைசி பரீட்சைக்கு மறுநாள் எங்கே கிளம்பலாம்?'னு கேன்டீன்ல வட்டமேஜை மாநாடு போடுற கோஷ்டியா நீங்க? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான்.

கொடைக்கானல், மூணாறு எல்லாம் பார்த்தாச்சு. இப்போ எல்லார் வாயிலும் ஒரே பேர்... கேதார்கந்தா! யாரோ ஒரு சீனியர் போட்ட ரீல்ஸ்ல இடுப்பு வரைக்கும் பனி, பின்னாடி தங்கக் கலர்ல சூரியன். உடனே நாலு பேர் பணம் போட்டு, ட்ரெய்ன் டிக்கெட்டும் புக் பண்ணியாச்சு. ஆனா ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கலை. 'நாம போற அந்த வாரத்துல, அந்த மலையில தரை எப்படி இருக்கும்?'

இந்தக் கேள்விதான் பாஸ் முக்கியம். மலை ஒண்ணுதான். ஆனா அக்டோபர் கேதார்கந்தா வேற, ஜனவரி கேதார்கந்தா வேற. ஏன், காலை அஞ்சு மணி மலைக்கும் மத்தியானம் ரெண்டு மணி மலைக்குமே சம்பந்தம் இருக்காது!

முதல்ல ஜாதகம்!

உத்தரகாண்ட் மாநிலம், உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது கேதார்கந்தா. உயரம் சுமார் 3,800 மீட்டர், அதாவது 12,500 அடி. நம்ம ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். கேதார்கந்தா போகும் வழியில் முதல் கேம்ப் போடும் ஜூடா கா தலாப் என்ற ஏரியே தொட்டபெட்டாவைவிட உயரத்தில் இருக்கிறது என்றால் பார்த்துக்குங்க!

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லிக்கு ஒன்றரை நாள். அங்கிருந்து டேராடூன். டேராடூனிலிருந்து மலைப்பாதையில் சுமார் 200 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போனால் சாங்க்ரி கிராமம் வரும். எட்டு முதல் பத்து மணி நேரப் பயணம். ஏடிஎம் வேலையை வழியில் புரோலாவிலேயே முடிச்சிடுங்க. சாங்க்ரியிலிருந்து கோவிந்த் பஷு விஹார் காட்டுக்குள் நடை ஆரம்பம். இதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். அடையாள அட்டை ஒரிஜினலும் ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும்.

மாசத்துக்கு ஒரு முகம்

*செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை:* மழை ஓய்ந்து, வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் சிகரங்கள் பளிச்னு தெரியும். பாதை காய்ந்த மண். பனி பெரும்பாலும் இருக்காது. முதல் தடவை உயரத்துக்குப் போறவங்களுக்கு ரொம்ப நல்ல சீசன். ஆனா 'பனி இல்லாத ட்ரெக்கா?'னு நம்ம பசங்க உதட்டைப் பிதுக்குவாங்க.

*டிசம்பர்:* இதுதான் லாட்டரி மாசம்! நமக்கு வடகிழக்குப் பருவமழை மாதிரி, அவங்களுக்கு குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்'. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிளம்பி வரும் ஈரக்காற்று இமயமலையில் மோதிக் கொட்டும். அது வர்றதுக்கு ஃபிக்ஸட் தேதி கிடையாது. டிசம்பர் முதல் வாரமே வெள்ளையாகும் வருஷமும் உண்டு, கிறிஸ்துமஸ் வரை வெறும் புல் தெரியும் வருஷமும் உண்டு. காஷ்மீர் குல்மர்க்கிலேயே 2024 ஜனவரியில் பாதி மாதம் தாண்டியும் பனி இல்லாமல் ஸ்கீயிங் ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அதனால ஆர்கனைசர் யாராவது 'டிசம்பர் 20-ல் பனி கேரண்டி'னு சொன்னா, சிரிச்சுட்டு அடுத்த ஆளுக்குப் போன் பண்ணுங்க.

*ஜனவரி, பிப்ரவரி:* 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்'னு நம்ம பாட்டிகள் சொன்னது பனித்துளியைத்தான். ஆனா இமயமலைக்கும் கணக்கு ஒத்துப்போகுது! ஆழமான பனியும் கடுமையான குளிரும் இந்த ரெண்டு மாசத்துலதான். பெரிய பனிப்பொழிவு வந்தா சாங்க்ரி போற ரோடே ஒண்ணு ரெண்டு நாள் அடைபடலாம். ரிட்டர்ன் டிக்கெட்டுக்கும் காலேஜ் ரீ-ஓபனுக்கும் நடுவுல ரெண்டு நாள் சும்மா விடுறது புத்திசாலித்தனம்.

*மார்ச், ஏப்ரல்:* மேலே பனி, கீழே காட்டில் சிவப்பு சிவப்பாக புராஞ்ச் பூக்கள். பகல் நீளம், குளிர் குறைவு. பனி வேணும், ஆனா உடம்பு நடுங்கக்கூடாதுன்னா மார்ச் சூப்பர் சாய்ஸ். ஒரே தொல்லை, பகலில் பனி இளகி சேறாகும்.

*மே, ஜூன்:* பச்சைப் புல்வெளி. பிற்பகலில் இடியும் மழையும் சகஜம்.

*ஜூலை, ஆகஸ்ட்:* வேண்டாம். மலை நல்லா இருந்தாலும் ரோடு இருக்கணுமே! இந்த மாவட்டத்தில் மழைக்கால நிலச்சரிவு வருஷா வருஷம் நடக்கிற கதை. 2025 ஆகஸ்ட் 5-ம் தேதி இதே உத்தரகாசி மாவட்டத்தின் தராலி கிராமத்தை வெள்ளமும் சேறும் மூடியதை டி.வி.யில் பார்த்திருப்பீங்க.

ஒரே பேர், நாலு பனி

நமக்கு மார்கழிக் காலையில் புல்லில் இருக்கிறதும் பனி, இமயமலையில் இருக்கிறதும் பனி. அங்கே போனாத்தான் அதுக்குள்ளே எத்தனை ரகம்னு கால் சொல்லும்.

ஒண்ணு, புதுசா விழுந்த பஞ்சுப் பனி. பார்க்க அழகு, நடக்கக் கஷ்டம். முழங்கால் வரை புதையும், பாதை மறைஞ்சிடும். முன்னாடி போறவர் கால்தடத்திலேயே கால் வைங்க. ஷூவுக்குள் பனி புகாமல் இருக்க முழங்கால் வரை மூடும் கெய்ட்டர் கட்டணும்.

ரெண்டு, அப்பளப் பனி. பகலில் இளகி ராத்திரி உறைஞ்சது. மேலே மொறுமொறு, கீழே மாவு. எந்த அடி தாங்கும், எந்த அடி உடையும்னு தெரியாது. முழங்கால் திருகிக்கிறது பெரும்பாலும் இங்கேதான்.

மூணு, கண்ணாடிப் பனி. சீசனில் ஆயிரக்கணக்கான ஷூக்கள் மிதிச்சு மிதிச்சு இறுகி, பாதையே ஐஸ்கட்டி ஆகியிருக்கும். கூட்டம் நிறையப் போகும் கேதார்கந்தாவில் இது ரொம்ப சகஜம். இங்கே ஷூவுக்கு அடியில் மாட்டும் மைக்ரோ ஸ்பைக்ஸ் இல்லாம இறங்கினா சறுக்குமரம்தான். சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

நாலு, மத்தியானப் பனி. வெயிலில் கூழாகி, ஷூவை நனைச்சு, விரலை மரத்துப்போக வைக்கும்.

'எதுக்கு பையா ராத்திரி மூணு மணிக்கு எழுப்புறீங்க?'னு கைடிடம் சிணுங்குவீங்க இல்லையா, அதுக்கு விடை இங்கே இருக்கு. சூரிய உதயம் பார்க்க மட்டும் இல்லை. விடியற்காலையில் பனி இறுகி உறுதியா இருக்கும். அது இளகறதுக்குள்ளே உச்சிச் சரிவிலிருந்து இறங்கிடணும். பிற்பகலில் மலையில் வானிலையும் கெடும். மூணு மணிக்கு எழுந்திருக்காம அஞ்சு மணிக்குக் கிளம்பினா, அந்த ரெண்டு மணி நேரத்துக்கு வட்டியும் முதலுமா இறங்கும்போது கட்டணும்.

உச்சியில் இன்னொரு விஷயம். காற்று குவிச்ச பனி, விளிம்புக்கு வெளியே வீட்டு சன்ஷேடு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். மேலேயிருந்து பார்த்தா தரை மாதிரியே தெரியும், கீழே ஒண்ணுமே இருக்காது. செல்ஃபிக்காக ஓரத்துக்குப் போற வீரர்கள் கவனிக்கவும்.

நம்ம உடம்பு கடற்கரை உடம்பு

சாங்க்ரிக்கும் உச்சிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,850 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குளிர் கூடும் என்பது பொதுக் கணக்கு. அதாவது சாங்க்ரியில் சுழியம் என்றால் உச்சியில் மைனஸ் 12. காற்று அடிச்சா இன்னும் மோசமா உறைக்கும். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 63 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறையும்.

ஜீன்ஸ், காட்டன் டீ-ஷர்ட் ரெண்டையும் ஹாஸ்டலிலேயே விட்டுடுங்க. வியர்வையில் நனைஞ்ச பருத்தி காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். மெல்லிசா உலரும் துணி ஒண்ணு, அதுக்கு மேல ஃப்ளீஸ் அல்லது கம்பளி, அதுக்கும் மேல காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடணும். சாக்ஸ் ரெண்டு ஜோடி கூடுதல். கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்லை. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஒரே பகலில் கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரிய ஆரம்பிச்சிடும்.

தலைவலியோட குமட்டலோ தலைசுற்றலோ சேர்ந்தா அது உயர நோயின் முதல் மணி. அதுக்கு மேல ஏறக்கூடாது. அதே உயரத்தில் ஓய்வு எடுத்தும் குறையலைன்னா இறங்கணும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடிச்சவன் மாதிரி தள்ளாடினாலோ யோசனையே வேண்டாம். ராத்திரியானாலும் கைடோட உடனே இறக்கிடணும். டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காம வாங்கிப் போடாதீங்க. சல்ஃபா அலர்ஜி இருக்கிறவங்களுக்கு வினையாயிடும்.

'இவ்வளவு தூரம் வந்துட்டோமே!'

மலையில் ரொம்ப ஆபத்தான வாக்கியம் இதுதான். காசு கட்டியாச்சு, லீவு போட்டாச்சு, வீட்டுல சண்டை போட்டு வந்தாச்சு. இதையெல்லாம் நினைச்சு, தலைவலியை மறைச்சுக்கிட்டு நடக்கிற பையன் ஒருத்தன் எல்லா கேங்கிலும் இருப்பான். 'என்னால மத்தவங்க ட்ரிப் கெடக்கூடாது'னு நல்ல மனசுலதான் மறைப்பான். அந்த நல்ல மனசு அவன் உயிரையே கேட்கலாம்.

பயமுறுத்தச் சொல்லலை. 2022 அக்டோபர் 4-ம் தேதி, இதே மாவட்டத்தில் 'திரௌபதி கா தண்டா' சிகரத்தில் பயிற்சிக் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கி, 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருஷம் எவரெஸ்ட் ஏறிவந்த பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அதில் ஒருவர். 2024 ஜூன் தொடக்கத்தில் சஹஸ்த்ர தால் ட்ரெக்கில் பனிப்புயலில் மாட்டிய குழுவில் 9 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெங்களூருவிலிருந்து போனவர்கள். ஜூன் மாசம், பாஸ்! கீழே டெல்லியில் வெயில் கொளுத்திய நாட்கள் அவை.

கேதார்கந்தா அந்த மலைகள் அளவுக்குக் கடினமானது இல்லை. பாதையின் பெரும்பகுதி காடு, அப்புறம் திறந்த முகடு. ஆனா குளிரும் புயலும் 'இது பிகினர்ஸ் ட்ரெக்'னு போர்டு பார்த்து வராது.

அதனால சாங்க்ரியில் கிளம்பும்போதே எல்லோரும் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போடுங்க. குறிப்பிட்ட மணிக்குள் உச்சி தொடலைன்னா, நூறு அடி பாக்கி இருந்தாலும் திரும்பணும். ஒருத்தனுக்கு முடியலைன்னா அவனைத் தனியா கூடாரத்தில் விடக்கூடாது, துணைக்கு ஒருத்தர் இருக்கணும். திரும்பினவனை ஊருக்கு வந்து கிண்டல் பண்ணக்கூடாது. இந்த மூணாவது விதிதான் முதல் ரெண்டையும் காப்பாத்தும்.

டிக்கெட்டுக்கு முன்னாடி மூணு போன்

ஆர்கனைசர்கிட்ட 'பனி இருக்கா?'னு கேட்காதீங்க. 'இருக்கு'ன்னுதான் பதில் வரும். 'நேத்து இறங்கின குழு உச்சி தொட்டதா? பனி எங்கேயிருந்து ஆரம்பிக்குது? எத்தனை பேருக்கு ஒரு கைடு? ஆக்ஸிஜன் சிலிண்டர் எந்த கேம்ப்ல இருக்கு? வானிலை கெட்டா பணம் திரும்புமா?'ன்னு கேளுங்க. பதில் சொல்லத் திணறினா ஆள் மாத்துங்க. கிளம்பும் வாரத்தில் இந்திய வானிலை ஆய்வு மையம் உத்தரகாண்டுக்குத் தரும் முன்னறிவிப்பையும், பாதுகாப்புத் துறையின் டி.ஜி.ஆர்.இ. அமைப்பு தரும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பாருங்க.

ரெண்டு மாசம் முன்னாடியே படி ஏற ஆரம்பிங்க. ஹாஸ்டல் மொட்டைமாடிப் படிக்கட்டு போதும். முதுகில் ஆறு கிலோ பையோட, வாரம் நாலு நாள். பனி மேல் ஆசை தீராதவங்களுக்கு, உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் டார்ஜிலிங்கின் இமாலயன் மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் சுமார் நாலு வாரப் பயிற்சி தர்றாங்க. பனியில் விழுந்தா ஐஸ் கோடாரியால் எப்படி நிறுத்திக்கணும்னு அங்கே ஒழுங்கா கத்துக்கலாம்.

கடைசியா ஒண்ணு. டிசம்பர்ல லீவு கிடைக்குதுன்னு டிசம்பர்ல பனி கிடைக்கணும்னு அவசியமில்லை. லீவு டிசம்பர்ல மட்டும்தான்னா, 'பனி இருந்தா போனஸ், இல்லைன்னா சுவர்க்காரோகிணி தரிசனம்'னு மனசைத் தயார் பண்ணிக்கிட்டுக் கிளம்புங்க. பனியேதான் வேணும்னா மார்ச்சுல நாலு நாள் லீவு சேர்த்து வைங்க. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போகாம பார்த்துக்க வேண்டியது உங்க பொறுப்பு. அதுக்கு எந்த கைடும் உதவ மாட்டார்!

போயிட்டு பத்திரமா வாங்க. பிஸ்கட் கவரையும் கூடவே கீழே கொண்டுவாங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!