வண்ண மீனும் தர முத்திரையும்

கொள்முதல் நாளன்று பழுதென்று ஒதுக்கப்படும் சேலையைக் கண்டு அங்கத்தினர் மனம் வருந்துவதை நாம் அறிவோம். ஒதுக்கியவர் மீது சினம் எழுவதும் இயல்பே. இவ்விஷயத்தில், அலங்கார மீன் வளர்க்கும் ஜப்பானிய மலைக்கிராம விவசாயிகளிடம் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு.

அந்நாட்டின் நிகாட்டா மாநிலத்தில் யாமகோஷி, ஓஜியா என்னும் பகுதிகள் உள்ளன. குளிர்காலத்தில் ஆளுயரத்திற்கும் மேலாகப் பனி குவியும் இடங்கள் அவை. அங்குள்ள நெல் விவசாயிகள் படிக்கட்டு வயல்களை ஒட்டிக் குளம் வெட்டி, பனிக்கால உணவுக்கெனக் கெண்டை மீன் வளர்த்து வந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கறுத்த மீன்களிடையே சிவப்பும் வெள்ளையுமாகச் சில தோன்றின. அவற்றை உண்ணாது பேணிப் பெருக்கியதே இத்தொழிலின் பிறப்பு. 1914-இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சியில் அவை வைக்கப்பட்டபின் வெளியுலகம் அவற்றை அறிந்தது. இன்று பல நாடுகளின் தோட்டக் குளங்களில் நீந்தும் கோய் மீன் இதுவே. ‘நிஷிகிகோய்’ என்னும் அதன் முழுப்பெயருக்குப் பூவேலைப் பட்டை ஒத்த கெண்டை என்பது பொருள். ஓஜியா நெசவுக்கும் பேர்போன ஊர் என்பதறிந்து நம் நெசவாளர்கள் மகிழ்வர்.

ஒரு தாய்மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. பெற்றோர் எத்துணைச் சிறந்தவையாயினும், குஞ்சுகளில் மிகச் சிலவே நல்ல வண்ணமும் வடிவமும் பெறுகின்றன. ஆதலின் விவசாயி கழித்துக்கொண்டே போகிறார். ‘ஷோவா’ என்னும் மூவண்ண இனத்தில், பொரித்த சில நாட்களிலேயே கறுத்த குஞ்சுகளை நிறுத்திக்கொண்டு வெளுத்தவற்றை நீக்கிவிடுகிறார். ஏனைய இனங்களில் சில வாரங்கள் கழித்து முதற்கழிப்பு; இலையுதிர் காலத்தில் குளத்தை வடிப்பதற்குள் மேலும் சில கழிப்புகள். எஞ்சும் சிலவற்றின் அழகிலேதான் அவ்வட்டாரத்தின் பெயர் நிலைத்திருக்கிறது.

2004 அக்டோபர் 23-ஆம் நாள் பெரும் பூகம்பம் அப்பகுதியைத் தாக்கிற்று. குளங்கள் பிளந்தன, மீன்கள் ஏராளமாக மடிந்தன. யாமகோஷி கிராமத்தார் அனைவரும் வெளியேற நேர்ந்தது. எஞ்சிய மீன்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காத்தனர். பின்னர் ஊர் திரும்பித் தொழிலையும் மீட்டனர். குளத்தை மீண்டும் வெட்டிவிடலாம்; தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த இனம் அழிந்தால் அதை மீண்டும் பெறுவது அரிது.

“மீன்குஞ்சும் சேலையும் ஒன்றாகுமா?” என்று அங்கத்தினர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. சில வாரக் குஞ்சை நீக்கினால் நட்டம் சிறிது. நெய்து முடித்த சேலையை ஒதுக்கினால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு வீணாகிறது. குறை இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. அந்த விவசாயி தொடக்கத்திலேயே கழிக்கிறார். பரிசோதகர்களாகிய நாமோ பெரும்பாலும் முடிவில் வந்து கழிக்கிறோம். பழிக்கு நாமும் பங்காளிகளே.

ஆகவே நூல் வழங்கும்போதே அதன் தரத்தைப் பார்த்திடுக. சாயம் கெட்டியானதா என்பதைப் பாவு ஓடுமுன் துவைத்தறிக. தறியில் முதல் முழம் ஏறியதும் ஒருமுறை சோதித்திடுக. விவசாய அங்கத்தினரும் விதையிலும் நாற்றங்காலிலும் இதே கண்டிப்பைக் கைக்கொள்ளலாம். இவ்வேற்பாட்டை நிர்வாகக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே ஆலோசிக்க வேண்டுகிறோம். அதன் பின்னரும் பழுதான சேலை வருமாயின், அதற்குச் சங்கத்தின் முத்திரை இடலாகாது. அம்முத்திரை ஒருவருடையதன்று, அங்கத்தினர் அனைவரின் சொத்து.